ராத்திரி மூணு மணிக்கு யார் இருக்காங்க?

அவிநாசி ரோட்டில் ஒருமுறை போய் வந்தால் போதும், கோயம்புத்தூர் இப்போது எதை விற்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு காலத்தில் மோட்டார் பம்பும் கிரைண்டரும் விற்ற ஊர். இன்றைக்குப் பலகைகளில் இருப்பவை வீட்டுமனை, காலேஜ் சீட், டாக்டர். டாக்டர் பலகைக்கு ஓர் இலக்கணமே உருவாகிவிட்டது. வெள்ளைக் கோட்டு, மார்புக்குக் குறுக்கே கட்டிய கை, அளவான சிரிப்பு. பெயருக்குப் பின்னால் ரயில் பெட்டி மாதிரி பட்டங்கள். குழந்தைகள் தீவிர சிகிச்சை நிபுணர் என்றால் இன்னும் ரெண்டு பெட்டி கூடும்: எம்.டி., எஃப்.என்.பி., லண்டனிலோ டொரன்டோவிலோ பயிற்சி. கீழே ஒரு வரி, ‘உங்கள் குழந்தை எங்கள் குழந்தை’.

மருத்துவமனைகளின் இணையப் பக்கங்களிலும் இதே கதைதான். டாக்டரின் பின்னணி, அனுபவம், வாங்கிய விருது, வாசித்த கட்டுரை. கடைசியில் ‘சிகிச்சை அணுகுமுறை’ என்று ஒரு பத்தி. கனிவு, குடும்பத்தை மையமாகக் கொண்ட கவனிப்பு, உலகத் தரம். எந்த மருத்துவமனையின் பத்தியை எடுத்து எந்த மருத்துவமனைக்கு ஒட்டினாலும் பொருந்தும்.

நான் இந்த ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையின் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு வருஷம் செவிலியராக இருந்தவள். அந்தப் பத்திகளைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வரும். அதில் இருப்பது பொய் என்பதால் இல்லை, பட்டங்கள் எல்லாம் நிஜம்தான். ஆனால் ஒரு குழந்தை பிழைப்பதற்கும் பிழைக்காமல் போவதற்கும் நடுவில் என்னென்ன நிற்கிறதோ, அதில் ஒன்றுகூட அந்தப் பலகையில் இல்லை. ராத்திரி மூணு மணிக்கு அந்த அறையில் யார் இருப்பார்கள்? எத்தனை குழந்தைக்கு ஒரு செவிலியர்? அம்மாவை உள்ளே விடுவார்களா? காசு தீர்ந்தால் என்ன சொல்வார்கள்? இதை எந்தப் பலகையும் சொல்லாது. நாமும் கேட்பதில்லை. ‘பெரிய டாக்டருங்களா? ஃபாரின்ல படிச்சவருங்களா?’ என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம்.

டெங்குவையே எடுத்துக்கொள்வோம். கொங்குநாட்டில் அதைத் தெரியாத தெருவே கிடையாது. தமிழ்நாட்டில் 2012-ல் அரசுக் கணக்குப்படியே 66 பேர் டெங்குவில் இறந்தார்கள், 2017-ல் 65 பேர். அந்த இரண்டு வருஷமும் வீட்டுக்கு வீடு பேசப்பட்டது ஒரே எண்ணைப் பற்றித்தான், ‘பிளேட்லெட் எவ்வளவு?’ பப்பாளி இலையைப் பிழிந்து குழந்தையின் வாயில் ஊற்றிக்கொண்டே தாய்மாமன் நாலு ஊருக்கு போன் போட்டு ரத்தம் கொடுக்க ஆள் திரட்டுவார். ரத்தக் கசிவு இல்லாத குழந்தைக்கு எண்ணிக்கை குறைந்தது என்பதற்காக மட்டும் தட்டணு ஏற்ற வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. இருந்தாலும் எண் என்பது எண்தான். சொந்தக்காரர்களிடம் சொல்வதற்கு அது வசதி.

டெங்குவில் குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் வேறொன்று. காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம். மூணாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் உடம்பு குளிர்கிறது. வீட்டில் ‘சரியாப் போச்சு சாமி’ என்று சோறு பிசைகிறார்கள். அப்போதுதான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் தேங்க ஆரம்பிக்கும். உள்ளே ரத்தம் கெட்டியாகும். குழந்தை தெளிவாகப் பேசிக்கொண்டே இருக்கும், தண்ணி கேட்கும், ஆனால் கையும் காலும் சில்லென்று இருக்கும். ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணும் கீழ் எண்ணும் ஒன்றையொன்று நெருங்கும். இடைவெளி 20-க்கு வந்துவிட்டால் அது அதிர்ச்சி நிலை. மேல் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும்.

இந்த ஒன்றிரண்டு நாளைக் கடத்துவதுதான் வைத்தியம். அதற்கு அதிசய மருந்து எதுவும் இல்லை, உப்பு நீர்தான். எவ்வளவு, எந்த வேகத்தில் என்பதுதான் கேள்வி. கொஞ்சம் குறைந்தால் அதிர்ச்சி, கொஞ்சம் கூடினால் நுரையீரலில் தண்ணீர். கசிவு நின்று தேங்கிய நீர் தானே ரத்தத்துக்குத் திரும்பும்போது டிரிப்பை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தாமல் விட்டால், பிழைத்து வந்த குழந்தை மூச்சு முட்டிப் போகும். ஆக ஒவ்வொரு மணியும் யாராவது அந்தக் காலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நகத்தை அழுத்தி, நிறம் எத்தனை விநாடியில் திரும்புகிறது என்று எண்ண வேண்டும். மூத்திரத்தை அளக்க வேண்டும். ரத்தத்தின் கெட்டித்தன்மையைச் சோதித்து, போன தடவை எண்ணோடு ஒப்பிட வேண்டும். ‘சார், எனக்குச் சரியாப் படல, வாங்க’ என்று தைரியமாக போன் போட வேண்டும். அந்த போனுக்கு எரிந்து விழாத டாக்டர் மறுமுனையில் இருக்க வேண்டும். லண்டன் பயிற்சியின் பயன் இந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறதா இல்லையா என்பதுதான் என் கேள்வி.

தீவிர சிகிச்சை என்ற துறை எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1952, கோபன்ஹேகன். போலியோ. முதல் மூன்று வாரத்தில் மூச்சுத் தசையும் தொண்டையும் செயலிழந்து பிளெக்டாம் மருத்துவமனைக்கு வந்த 31 பேரில் 27 பேர் செத்துப்போனார்கள். தலைமை மருத்துவர் லாசென், அரைமனதோடு ஒரு மயக்கமருந்து நிபுணரைக் கூப்பிட்டார். பெயர் பியோர்ன் இப்சென். ஆகஸ்ட் 27 அன்று அவர் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிடச் செய்து, குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சு கொடுத்தார். சிறுமி பிழைத்தாள். இதுவரைக்கும் பலகையில் போடக்கூடிய கதை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாம் சொல்வதில்லை. வந்துகொண்டே இருந்த நோயாளிகளுக்குப் போதுமான இயந்திரம் இல்லை. சுமார் 1500 மருத்துவ மாணவர்கள் முறை போட்டு உட்கார்ந்து, மாதக்கணக்கில், இரவும் பகலும் கையால் அந்தப் பைகளை அமுக்கினார்கள். மொத்தம் 1,65,000 மணி நேரம் என்று கணக்கு. இப்செனின் பின்னணி முக்கியமில்லையா? முக்கியம்தான். அமெரிக்காவில் அவர் கற்றுவந்த மயக்கவியல் இல்லாவிட்டால் அந்த யோசனையே வந்திருக்காது. ஆனால் யோசனை ஒரே நாளில் முடிந்துவிட்டது. மிச்ச மாதங்கள் முழுக்க, யாரென்றே தெரியாத ஒருவர் ராத்திரி மூணு மணிக்குத் தூங்காமல் உட்கார்ந்திருந்ததால் கடந்தவை. தீவிர சிகிச்சை என்பதன் அடிப்படை அர்த்தமே எனக்கு இதுதான். இயந்திரம் பிறகு வந்தது.

‘வெளிநாட்டுக் கதை, நம்ம ஊருக்கு வாங்க’ என்பீர்கள். வருவோம், சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கு. அரசு ஆஸ்பத்திரி, கூட்டம், தரையிலும் படுத்திருக்கும் தாய்மார்கள். அங்கே குழந்தைகள் அவசர சிகிச்சையில் இருந்த டாக்டர் இந்துமதி சந்தானமும் அவரோடு பணிபுரிந்தவர்களும் கிருமித்தொற்றால் அதிர்ச்சி நிலைக்குப் போன 147 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2008-ல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்குக் கிலோவுக்கு 40 மில்லி நீர், 15 நிமிஷத்தில். இன்னொரு பிரிவுக்குக் கிலோவுக்கு 20 மில்லி, 20 நிமிஷத்தில். அன்றைக்கு உலகம் முழுக்க ‘வேகமாக, நிறைய ஏற்று’ என்பது வேதவாக்கு. இறப்பில் வித்தியாசம் இல்லை என்று இவர்கள் கண்டார்கள். வேகமாக ஏற்றிய பிரிவில் இருபதாவது நிமிஷத்திலேயே ஈரல் வீங்கிய குழந்தைகள் அதிகம் என்பதையும் பதிவு செய்தார்கள்.

ஈரல் வீங்கியதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? விரலால். வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துத் தொட்டுப் பார்த்து. பல லட்ச ரூபாய் கருவி எதுவும் வேண்டாம். ஆனால் டிரிப் போகிற ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கை அங்கே வர வேண்டும். மூன்று வருஷம் கழித்து, 2011-ல், உகாண்டா, கென்யா, தான்சானியாவில் 3,141 குழந்தைகளிடம் நடந்த ஃபீஸ்ட் ஆய்வு வெளிவந்து மருத்துவ உலகத்தையே கலக்கியது. சொட்டுச் சொட்டாக ஏற்றிய குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் 7.3 சதவீதம். வேகமாக ஏற்றிய குழந்தைகளில் பத்தரை சதவீதத்துக்கு மேல். தீவிர சிகிச்சைப் பிரிவே இல்லாத மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு அது, இங்கே அப்படியே பொருந்துமா என்று சண்டை இன்னும் நடக்கிறது, நடக்கட்டும். எனக்கு உறைப்பது வேறு. எழும்பூர் நெரிசலில் குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து எழுதிவைத்த ஒரு குறிப்பைத் தாண்டி, ‘உலகத் தரம்’ என்று எதைத் தேடி நாம் எங்கே போகிறோம்?

இனி செவிலியர் கணக்கு. இயந்திரத்தில் மூச்சு விடும் குழந்தைக்கு ஒரு செவிலியர் என்பதுதான் நெறி. எல்லா பாடப் புத்தகத்திலும் இருக்கிறது, ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் டூட்டி ரோஸ்டரிலும் இருக்கும். நான் வேலை செய்த இடத்தில் ராத்திரி டூட்டியில் மூன்று குழந்தைக்கு ஒருத்தி. பொங்கலுக்கு நாலு. ஒரு குழந்தையின் மூச்சுக் குழாயில் சளியை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது பக்கத்துப் படுக்கையில் அலாரம் அடித்தால் என்ன செய்வீர்கள்? நாங்கள் அலாரத்தின் சத்தத்தை வைத்தே எது ஓடிப்போக வேண்டியது, எது ஒரு நிமிஷம் தாங்கும் என்று தரம் பிரிக்கப் பழகிவிட்டோம். அதை அனுபவம் என்று சொன்னார்கள். ஆள் போடாத நிர்வாகத்தின் லாபத்துக்கு அனுபவம் என்று பெயர்.

அரசு மட்டும் ஒழுங்கா? 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக எடுத்த செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்டைம் பார்க்கிற பெண் அதைவிட அதிகம் வாங்குவாள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்த பிறகுதான் இப்படி ஒரு சம்பளம் இருப்பதே பலருக்குத் தெரிந்தது. என்னோடு படித்தவர்களில் கெட்டிக்காரிகள் எல்லாம் ஐ.இ.எல்.டி.எஸ். எழுதி இங்கிலாந்துக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். லண்டனில் பயிற்சி பெற்ற டாக்டர் இங்கே இருக்கிறார், அவரோடு நிற்க வேண்டிய செவிலியர் லண்டனில் இருக்கிறாள். இந்த வேடிக்கையையும் பலகையில் போடலாம்.

நம் கதைகளுக்கும் சினிமாவுக்கும் இதில் பங்கு உண்டு. நமக்கு ரெண்டே டாக்டர்தான் தெரியும். ‘மெர்சல்’ படத்து அஞ்சு ரூபாய் டாக்டர், இல்லாவிட்டால் ‘ரமணா’வில் பிணத்துக்கு வைத்தியம் பார்த்துப் பில் போடும் கூட்டம். தெய்வம் அல்லது திருடன். கோவை சித்தாபுதூரில் இருபது ரூபாய் டாக்டர் என்று ஊரே கூப்பிட்ட பாலசுப்பிரமணியம் 2016 நவம்பரில் இறந்தபோது திரண்ட கூட்டம் நியாயமான கூட்டம். அவரைப் போன்றவர்கள் வேண்டும், தெருவுக்கு ஒருவர் வேண்டும். ஆனால் தீவிர சிகிச்சையை இருபது ரூபாய்க்குத் தனி ஒருவரின் நல்ல மனசால் நடத்த முடியாது. அங்கே ஆக்சிஜன் வேண்டும், ரத்த வங்கி வேண்டும், ஷிஃப்டுக்கு ஆள் வேண்டும். நல்லவரைத் தேடுகிற நம்முடைய இந்தப் பழக்கமே பலகைக்காரர்களுக்கு வசதியாகப் போய்விட்டது. நாம் தெய்வத்தைத் தேடினோம், அவர்கள் போட்டோ எடுத்து மாட்டிவிட்டார்கள்.

பின்னணி என்றால் எனக்கு மதிப்பு இருக்கிற ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலை செய்தவர்களில் ஒரு டாக்டர் இருந்தார். கோபி பக்கம் கிராமத்துக்காரர். விஷம் குடித்து வருகிற குழந்தை என்றால் முதலில், ‘வாசலுக்கு என்னங்க போட்டுத் தெளிக்கிறீங்க?’ என்று கேட்பார். மற்றவர்கள் முழிப்பார்கள். கொங்கில் பிறந்தவருக்குத்தான் அந்தக் கேள்வியின் பொருள் தெரியும். மாடு வற்றிப்போன வீடுகளில் சாணிக்குப் பதில் சாணிப்பவுடர் வந்துவிட்டது. மஞ்சள் ஒன்று, பச்சை ஒன்று. இரண்டும் சாயம், ஆரமின், மாலகைட் கிரீன். மளிகைக் கடையில் பொட்டலம் போட்டு விற்றார்கள். பெரியவர்கள் மனசு கசந்தால் அதைத்தான் கரைத்துக் குடிப்பார்கள், குழந்தை கையில் கிடைத்தால் கலர்ப்பொடி என்று நக்கும். மாற்று மருந்து கிடையாது. எந்தக் கலர், எவ்வளவு என்று சீக்கிரம் தெரிந்தால், அடுத்து மூளையையா ஈரலையா கவனிக்க வேண்டும் என்று யோசிக்க நேரம் கிடைக்கும். இந்தக் கேள்வி டொரன்டோ பாடத்தில் இருக்காது. அவருடைய இணையப் பக்கத்திலும் அவர் ஊர்ப் பெயர் இல்லை. இருந்தால் கௌரவக் குறைச்சல் என்று மார்க்கெட்டிங்காரர்கள் நினைத்திருக்கலாம்.

அவர் ரவுண்ட்ஸ் வரும்போது ஸ்டூலை இழுத்துப்போட்டுக் குழந்தைக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்காருவார். அம்மா என்று சொல்கிறேனே, அம்மாவை உள்ளே வைத்திருந்தவரும் அந்தத் துறையில் அவர் ஒருத்தர்தான். மற்ற டாக்டர்கள் டூட்டி என்றால் காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம். மீதி நேரம் அவள் லிஃப்டுக்கு எதிரில் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் வாட்டர் பாட்டிலோடு, கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்று உட்காருவாள். கேட்டால் தொற்று என்பார்கள். கையைக் கழுவாத ஹவுஸ் சர்ஜனையும் எக்ஸ்ரே டெக்னீசியனையும் பில்லிங் பையனையும் அனுமதிக்கிற கதவு, அம்மாவுக்கு மட்டும் தொற்றைக் கண்டுபிடித்துவிடும்! 1952-லேயே ஜேம்ஸ் ராபர்ட்சன் இங்கிலாந்தில் ஒரு படம் எடுத்தார், எட்டு நாள் அம்மாவைப் பிரிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு வயதுக் குழந்தையைப் பற்றி. மருத்துவர்கள் கோபப்பட்டார்கள். 1959-ல் அரசுக் குழுவே பெற்றோரை நேரக் கட்டுப்பாடு இல்லாமல் விடச் சொல்லிவிட்டது. எழுபது வருஷம் ஆகப்போகிறது.

இது வெறும் மனிதாபிமான விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். ‘என்ற புள்ள எப்பவும் அழுவற மாதிரி அழுவலீங் சிஸ்டர், ஒரு மாதிரியா மொனகறாளுங்’ என்று ஓர் அம்மா சொன்ன அரை மணி நேரத்தில் அந்தக் குழந்தைக்கு வலிப்பு வந்ததைப் பார்த்திருக்கிறேன். மானிட்டர் அதுவரை பச்சையாகத்தான் இருந்தது. மூன்று குழந்தைக்கு ஒருத்தி என்று ஓடுகிற இடத்தில், கண் மூடாமல் ஒரே குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆளை வெளியே உட்கார வைப்பதைவிட முட்டாள்தனம் உண்டா? சரி, நெஞ்சை அமுக்கும் நேரத்தில்கூட உறவினர் பக்கத்தில் இருக்கலாமா? பிரான்சில் 570 உறவினர்களிடம் நடந்து 2013-ல் வெளியான ஆய்வு, பெரியவர்களை வைத்து, வீட்டில் நடந்த உயிர்மீட்பு முயற்சிகளைப் பற்றியது. பார்க்க அனுமதிக்கப்பட்டவர்களுக்குப் பிறகு மனக்காயம் குறைவாக இருந்தது. சிகிச்சைக்கு இடைஞ்சலும் இல்லை.

கடைசியாக ஒரு காகிதம். இதைப் பற்றி எழுதாமல் விட்டால் மேலே எழுதியதற்கு அர்த்தம் இல்லை.

குழந்தைக்கு இனி வழியில்லை என்று டாக்டருக்குத் தெரிந்துவிடுகிறது. அல்லது, வழி இருக்கலாம், ஆனால் குடும்பத்தின் காசு தீர்ந்துவிட்டது. முதல்வர் காப்பீடு எல்லாச் செலவையும் தாங்காது. தோட்டத்துப் பத்திரம், கறவை மாடு, தாலிக்கொடி எல்லாம் போன பிறகுதான் இந்தப் பேச்சே தொடங்கும். பேச்சும் பெரியப்பா, மாமா என்று ஆம்பளைகளோடுதான், அம்மா அந்த வட்டத்தில் இருக்க மாட்டாள். ‘நாங்க பண்ண வேண்டியதெல்லாம் பண்ணிட்டோமுங்க. இனி நீங்கதான் முடிவு பண்ணோணும்.’ அவர்களும் வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்கிறார்கள். உடனே ஒரு படிவம் வரும். மருத்துவ ஆலோசனைக்கு எதிராக, எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம் என்று. யாருடைய ஆலோசனைக்கு எதிராக? ‘இனி ஒண்ணும் இல்லை’ என்று ஆலோசனை சொன்னவரே நீட்டுகிற காகிதம் அது. சில குழந்தைகள் அந்த நேரத்தில் ஜி.ஹெச்.சுக்குத் திருப்பிவிடப்படும். அங்கே போய் ஒரு மணி நேரத்தில் இறந்தால், இறப்பு ஜி.ஹெச். கணக்கில் ஏறும். தனியாரின் வெற்றி விகிதத்தில் ஒரு கீறலும் விழாது. அந்த விகிதம்தான் பலகைக்குப் போகிறது.

மீள வழியில்லாத நிலையில் இயந்திரத்தை விலக்குவதைச் சட்டத்துக்குட்பட்டுச் செய்ய, உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று வழிகாட்டியது, 2023 ஜனவரியில் அந்த நடைமுறையை எளிமையாகவும் ஆக்கியது. மருத்துவர் குழு உட்கார்ந்து, குடும்பத்தோடு பேசி, எழுதி வைத்து, குழந்தைக்கு வலி இல்லாமல், அம்மா கையில் வைத்திருக்க வழி இருக்கிறது. அதற்கு டாக்டர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும், முடிவில் தன் பெயரையும் எழுத வேண்டும். படிவத்தில் கையெழுத்து வாங்க ரெண்டு நிமிஷம் போதும், பெயர் அப்பாவுடையது.

ஒரு ராத்திரி பவானி வரைக்கும் ஆம்புலன்ஸில் போனேன், கையில் அமுக்கும் பையோடு. வீட்டு வாசலில் குழந்தையை இறக்கிய பிறகு குழாயை எடுக்கச் சொல்லி எனக்கு உத்தரவு. டாக்டர் வரவில்லை, ஜூனியர்கூட இல்லை. அம்முச்சி திண்ணையில் பாய் விரித்து வைத்திருந்தார். அப்பா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார், ‘நாங்க கூட்டியாராம இருந்திருந்தா பொழச்சிருக்குமுங்களா சிஸ்டர்? பேப்பர்ல எங்க பொறுப்புன்னு எழுதியிருந்துதே.’ இல்லீங்கண்ணா, இல்லவே இல்லை, டாக்டரே முடியாதுன்னு சொல்லிட்டார் என்றேன். அப்படியானால் பேப்பரில் ஏன் அப்படிப் போட்டார்கள் என்று கேட்டார். மூன்று வாரம் கழித்து அதே டாக்டரின் படம் காந்திபுரத்தில் புதிதாக ஏறியது. இந்த முறை பட்டங்களோடு, காப்பாற்றிய குழந்தைகளின் எண்ணிக்கையும்.